மலையில் உணவுத் தொழில் வளர அரசு முதலில் எதில் கை வைக்க வேண்டும்?

கேத்திப் பள்ளத்தாக்கு (இழையைத் தொடங்கியவர்)
சனி, இரவு 8.50

உணவு பதப்படுத்தும் தொழிலுக்கு அரசு பணம் ஒதுக்கவில்லை என்று யாரும் குறை சொல்ல முடியாது. குறு உணவு நிறுவனங்களுக்காக 2020-இல் மத்திய அரசு கொண்டுவந்த திட்டத்தின் மதிப்பு 10,000 கோடி ரூபாய். திட்டச் செலவில் 35 சதவீதம், அதிகபட்சம் 10 லட்சம் வரை மானியம். சுய உதவிக் குழுப் பெண்களுக்குத் தலைக்கு 40,000 ரூபாய் தொடக்க முதல். வேளாண் உள்கட்டமைப்பு நிதியில் 2 கோடி வரையிலான கடனுக்கு வட்டியில் 3 சதவீதம் குறைப்பு. பெரிய நிறுவனங்களுக்கோ 2021-இல் 10,900 கோடியில் உற்பத்தி ஊக்கத்தொகை. மாநில அரசுக்கு 2018 முதல் தனி உணவு பதப்படுத்தும் கொள்கையே இருக்கிறது.

இத்தனையும் இருந்தும் மே, ஜூனில் பிளம்ஸ் கொட்டும்போது நம் நீலகிரிப் பக்கத்தில் பாதிப் பழம் மரத்தடியிலேயே அழுகுகிறது. கேரட்டைக் கழுவி மூட்டை கட்டி மேட்டுப்பாளையத்துக்கு ஏற்றிவிடுவதுதான் இன்றும் நம் "தொழில்". ஏன்?

நான் ஒரு மகளிர் குழுவோடு சேர்ந்து ஜாம், உலர்பழம், ஊறுகாய் செய்கிறேன். என் கருத்தை நேராகச் சொல்லிவிடுகிறேன்: மானியம் முழுக்க இயந்திரத்துக்குப் போகிறது, மலையில் இல்லாமல் தவிப்பது வேறு. ஆய்வகம் இல்லை. பலர் சேர்ந்து பயன்படுத்தும் பொதுக்கூடம் இல்லை. மலைக்கென்று எழுதப்பட்ட பயிற்சி இல்லை.

கடைசியாகச் சொன்னதைக் கொஞ்சம் விரித்துச் சொல்ல வேண்டும். பயிற்சி வகுப்புகளில் ஜாமை 105 பாகை செல்சியஸ் வந்ததும் இறக்கச் சொல்கிறார்கள். சமவெளியில் அது சரி. உதகை 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. இங்கே தண்ணீர் ஏறக்குறைய 92 பாகையிலேயே கொதித்துவிடும். 105 வரும்வரை காய்ச்சினால் ஜாம் கருகிப் பாகு போல் இறுகிவிடும். இங்கே 97, 98-க்குள் இறக்க வேண்டும்; அல்லது சர்க்கரையின் அடர்த்தியைக் காட்டும் ரிஃப்ராக்டோமீட்டரில் 68 பார்த்து இறக்க வேண்டும். இதைச் சொல்லித் தரும் ஒரு கையேட்டையும் நான் கண்டதில்லை.

இது சுவையோடு நின்றுவிடும் விஷயமும் அல்ல. காளான், பேபி கேரட் போன்ற புளிப்பில்லாத பண்டங்களை டப்பாவில் அடைக்கும்போது அழுத்தக் கலத்தில் 121 பாகை எட்ட வேண்டும். எட்டாவிட்டால் உயிரைக் குடிக்கும் பாக்டீரியா உள்ளேயே தங்கிவிடும். சமவெளியில் 15 பவுண்டு அழுத்தம் வைத்தால் அந்த வெப்பம் கிடைக்கும். உதகையில் அதே 15 பவுண்டுக்கு 117 பாகைதான் கிடைக்கும். 18 பவுண்டுக்கு மேல் வைத்தாக வேண்டும். மானியத்தில் கலம் வாங்கிக் கொடுக்கிறவர்கள் இதையும் சொல்லிக் கொடுத்தாக வேண்டாமா?

மற்றவர்கள் எதை முதலில் வைப்பீர்கள்?

---

குந்தா இலை
சனி, இரவு 10.20

அம்மா, ஜாம், ஊறுகாய் எல்லாம் நல்லதே. ஆனால் நீலகிரியில் உணவுத் தொழில் என்று பேசத் தொடங்கினால் தேயிலையைத் தவிர்த்துவிட்டுப் பேசுவது எப்படி? பல்லாயிரம் குடும்பங்கள் ஒரு ஏக்கர், இரண்டு ஏக்கர் வைத்துக்கொண்டு பச்சைத் தேயிலை கொய்கிறோம். ஒரு கிலோ தூளுக்கு நாலு கிலோவுக்கு மேல் இலை வேண்டும். தூள் விற்ற சராசரி விலையில் 65 பங்கு விவசாயிக்கு, 35 பங்கு தொழிற்சாலைக்கு என்று தேயிலை வாரியத்தின் கணக்கு இருக்கிறது. குன்னூர் ஏலத்தில் தூள் விலை விழுந்தால் அந்த 65 பங்கில் கூலிக்கும் உரத்துக்கும் போக மிச்சம் என்ன இருக்கும்? 2023-இல் விலை கேட்டுப் படுக மக்கள் உண்ணாவிரதம் உட்கார்ந்ததை இந்த மன்றத்தில் பலரும் நேரில் பார்த்திருப்பீர்கள்.

நீங்கள் கேட்கும் பொதுக்கூடம் நமக்குப் புதிதே இல்லை. குந்தாவில் முதல் கூட்டுறவுத் தேயிலைத் தொழிற்சாலை 1962-இல் வந்தது. 1965-இல் அத்தகைய தொழிற்சாலைகளின் கூட்டமைப்பான இன்ட்கோசர்வ் உருவானது. இன்று 16 கூட்டுறவுத் தொழிற்சாலைகள். அறுபது ஆண்டுகளாக நடக்கும் பொதுக்கூடங்கள் இவை. அங்கே என்ன ஆனது? ஒரே பண்டம், இலையை நசுக்கிக் கிழித்துச் சுருட்டிச் செய்யும் சி.டி.சி. தூள். ஒரே வழி, ஏலம். ரேஷன் கடையில் ஊட்டி டீ போகிறதே, அந்த ஒன்றுதான் அரசு தானே சந்தையாக நின்று கொடுத்த கை. அரசு முதலில் இலைக்கு அடிப்படை விலை உறுதி செய்யட்டும். மூலப்பொருள் விளைவிப்பவன் நின்றால்தான் தொழில் நிற்கும்.

---

தாண்டிக்குடி வடக்கு
ஞாயிறு, காலை 6.35

பழனி மலையிலிருந்து எழுதுகிறேன். குந்தா ஐயா சொன்னதில் "அரசு தானே சந்தையாக நின்றது" என்ற வரியை அப்படியே வழிமொழிகிறேன்.

எங்கள் கீழ்மலையின் விருப்பாச்சி மலைவாழைக்கும் சிறுமலை வாழைக்கும் 2008-லேயே புவிசார் குறியீடு கிடைத்தது. 2019-இல் பழனிப் பஞ்சாமிர்தத்துக்குக் கிடைத்தது. தமிழ்நாட்டில் ஒரு கோயில் பிரசாதத்துக்குக் கிடைத்த முதல் குறியீடு அது. பஞ்சாமிர்தத்தின் உயிரே மலைவாழைதான். நீர் குறைவு, வாசனை அதிகம், பிசைந்தால் கெடாமல் நிற்கும். ஆனால் அசுவினி பரப்பும் முடிக்கொத்து நோய் எங்கள் தோட்டங்களைத் தின்றுவிட்டது. திருச்சி வாழை ஆராய்ச்சி மையம் நோயற்ற திசுவளர்ப்புக் கன்றுகளைக் கொடுத்து மீட்கப் பார்க்கிறது. கன்று வைக்கிறவன் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: இரண்டு ஆண்டு கழித்து என் தாரை யார், என்ன விலைக்கு எடுப்பார்கள்?

பஞ்சாமிர்தம் செய்யும் தேவஸ்தானம் அரசின் அறநிலையத் துறையின் கீழ்தான் இருக்கிறது. கீழ்மலை விவசாயிகளோடு ஐந்தாண்டு கொள்முதல் ஒப்பந்தம் போட அதற்கு எந்த மத்தியத் திட்டமும் தேவையில்லை. ஒரு கையெழுத்து போதும். அந்த ஒப்பந்தத்தைக் காட்டி நாங்கள் வங்கியில் கடன் வாங்கிக்கொள்வோம்.

இன்னொன்று பட்டர் புரூட் (அவகாடோ). பண்ணைக்காடு, தாண்டிக்குடி பக்கம் காப்பித் தோட்டத்துக்குள் அதைத்தான் இப்போது நம்பியிருக்கிறோம். கேத்தி அக்காவின் ஜாம் வழி இதற்கு ஆகாது. சூடுபடுத்தினால் கசந்துவிடும், வெட்டி வைத்தால் கறுத்துவிடும். உறைய வைத்த கூழாக்க வேண்டும், இல்லாவிட்டால் எண்ணெய் எடுக்க வேண்டும். இரண்டுக்கும் பெரிய முதலீடு, நிற்காத மின்சாரம். மழைக்காலத்தில் ஒரு மரம் விழுந்தால் எங்களுக்கு எத்தனை மணி நேரம் இருட்டு என்று கேட்காதீர்கள். உறைகலம் வைத்தவன் அழுதுவிடுவான்.

---

மேட்டுப்பாளையம் மண்டி
ஞாயிறு, காலை 9.10

நான் சமவெளிக்காரன். கோபிக்காமல் கேளுங்கள். மின்சாரம் நிற்கிறது, கட்டடத்துக்கு அனுமதி கிடைப்பதில்லை, கண்ணாடிக் குப்பியை ஏற்றி இறக்கினால் உடைகிறது என்று எல்லாம் உங்களுக்கே தெரிகிறது. பிறகு ஏன் தொழிற்கூடம் மேலேதான் வேண்டும் என்கிறீர்கள்? விளைச்சல் மேலே நடக்கட்டும். பதப்படுத்துவது மேட்டுப்பாளையத்திலும் வத்தலக்குண்டிலும் ஒட்டன்சத்திரத்திலும் நடக்கட்டும். இடம் இருக்கிறது, ரயில் இருக்கிறது, நல்ல சாலை இருக்கிறது. அரசு பணத்தை அடிவாரத்தில் போட்டால் ஒரு ரூபாய்க்கு இரண்டு ரூபாய் வேலை நடக்கும்.

---

கேத்திப் பள்ளத்தாக்கு
ஞாயிறு, காலை 11.00

கோபமில்லை அண்ணா. பட்டர் புரூட் கூழுக்கும் பெரிய குளிர்பதனக் கிடங்குக்கும் நீங்கள் சொல்வது சரி. வத்தலக்குண்டில் ஒன்று வந்தால் தாண்டிக்குடித் தம்பிக்குப் பாதிக் கவலை தீரும்.

பிளம்ஸுக்கு அது சரிவராது. நன்றாகப் பழுத்த பிளம்ஸ் கொண்டை ஊசி வளைவுகளில் குலுங்கி உங்கள் வாசலுக்கு வரும்போது கூழாகத்தான் இருக்கும். அதனால்தான் காயாகப் பறித்து அனுப்புகிறோம். காயில் புளிப்புத்தான் இருக்கும், மணம் இருக்காது. நன்கு பழுத்ததை அன்றே இங்கே கூழாக்கிவிட்டால் பிறகு எங்கே கொண்டு போனாலும் பிழைக்கும்.

அடிவாரத்தில் தொழில் வந்தால் வேலையும் அடிவாரத்துக்கே போகும் என்பதையும் மறக்க முடியவில்லை. எங்கள் குழுவில் இருக்கும் பெண்கள் காலையில் தோட்டத்துக்குப் போய்விட்டுப் பிற்பகலில் கூடத்துக்கு வருகிறவர்கள். அவர்கள் எந்த பஸ்ஸில் மேட்டுப்பாளையம் போய்த் திரும்புவார்கள்?

---

பந்தலூர்வாசி
ஞாயிறு, பிற்பகல் 2.45

எல்லோரும் மானியம், ஆய்வகம், சந்தை என்று பேசுகிறீர்கள். எங்கள் பக்கம் அதற்கு முந்தைய படியிலேயே நிற்கிறோம். கூடலூர், பந்தலூரில் ஜென்ம நிலங்களை (பரம்பரை நிலவுடைமையாளர்களின் நிலங்களை) ஒழித்து, உழுபவருக்கு அரசே நேரடியாகப் பட்டா தரும் ரயத்துவாரியாக மாற்ற 1969-இல் சட்டம் வந்தது. அதன் 17-ஆவது பிரிவில் சிக்கிய நிலங்களுக்கு இன்றுவரை முடிவு வரவில்லை. அதில் தலைமுறைகளாகக் குடியிருக்கிறோம். பட்டா இல்லை. பட்டா இல்லாததால் பல வீடுகளுக்கு மின் இணைப்பே பெரும் போராட்டம். தொழிலுக்கு மும்முனை மின்சாரம் கேட்டுப் போய் நின்றால் என்ன பதில் வரும் என்று சொல்லத் தேவையில்லை.

என் தாத்தா 1964 ஒப்பந்தத்துக்குப் பிறகு இலங்கையிலிருந்து வந்து அரசின் தேயிலைத் தோட்டக் கழகத்தில் வேலை பார்த்தவர். நாங்கள் மிளகு, இஞ்சி, காப்பி, பலா என்று எல்லாம் வைத்திருக்கிறோம். மிளகைத் தரம் பிரித்துப் பொடியாக்க ஒரு சிறு அரவைக் கூடம் போட விண்ணப்பித்தேன். திட்டம் பிணையில்லாக் கடன் என்கிறது. குறிப்பிட்ட தொகை வரையிலான குறு, சிறு தொழில் கடனுக்குப் பிணை கேட்கக் கூடாது என்பது ரிசர்வ் வங்கியின் விதி. நான் போன வங்கிக் கிளையில் பிணை கேட்கவில்லை. கூடம் அமையும் இடத்தின் பட்டா நகலைக் கேட்டார்கள். அத்தோடு முடிந்தது. கோப்பு இன்னும் "பரிசீலனையில்" இருக்கிறது.

பலா எங்களிடம் தெருவெங்கும் கிடந்து அழுகுகிறது, யானையைக் கூப்பிடுகிறது. சுளையை அன்றன்றே எடுத்துச் சிப்ஸாகவும் மாவாகவும் ஆக்கினால் வருமானமும் வரும், ஊருக்குள் யானை வருவதும் குறையும். அதற்கும் ஒரு கூரையும் மின்சாரமும் வேண்டும்.

ஆகவே என் முதல் கோரிக்கை: நிலத் தகராறு தீரும்வரை காத்திருக்காமல், பட்டா இல்லாதவர்கள் அரசு நிலத்தில் அல்லது ஊராட்சிக் கட்டடத்தில் கூடம் நடத்த நீண்டகாலக் குத்தகை கொடுங்கள். அந்தக் குத்தகைப் பத்திரத்தையே வங்கி ஏற்க வேண்டும் என்று மாவட்ட அளவிலேயே உத்தரவு போட முடியும்.

---

சோலை நிழல்
ஞாயிறு, மாலை 5.30

புதிய கூடம், புதிய சாலை, புதிய கட்டடம் என்ற பேச்சு வந்தாலே எனக்கு நெஞ்சு படபடக்கிறது. இந்த மலைகள் ஏற்கெனவே தாங்கும் அளவைத் தாண்டிவிட்டன. அதனால்தான் 2024 மே மாதம் உதகைக்கும் கொடைக்கானலுக்கும் இ-பாஸ் வந்தது. அடுத்த ஆண்டுக் கோடையில் நீலகிரிக்கு வார நாளில் 6,000 வாகனம், வார இறுதியில் 8,000, கொடைக்கானலுக்கு 4,000, 6,000 என்று சென்னை உயர் நீதிமன்றம் அளவு வைத்தது.

பழக்கூழ்க் கழிவும் சர்க்கரைத் தண்ணீரும் ஓடையில் விட்டால் ஓடை செத்துவிடும். கேரட் கழுவும் இடங்களுக்குக் கீழே ஓடும் தண்ணீரின் நிறத்தைப் பார்த்தவர்களுக்கு இது புரியும். கழிவுநீர்த் தொட்டி இல்லாத எந்தக் கூடத்துக்கும் ஒரு ரூபாய் மானியம்கூடக் கூடாது என்பேன்.

அதே நேரம் உணவுத் தொழிலுக்கு நான் எதிரி இல்லை. கோத்தகிரியில் பழங்குடி மக்கள் சேகரிக்கும் தேனும் மெழுகும் நல்ல விலைக்குப் போவதை ஆண்டுக்கணக்காகப் பார்க்கிறோம். காட்டை அழிக்காமல், காட்டை நம்பி நடக்கும் தொழில் அது. சுற்றுலா வண்டியையே நம்பி வர்க்கியும் சாக்லேட்டும் விற்றுக்கொண்டிருந்தவர்களும் இனி சமவெளியில் சந்தை தேடித்தான் ஆக வேண்டும். என் கேள்வி ஒன்றுதான்: இருக்கும் கட்டடங்களை ஏன் பயன்படுத்தக் கூடாது?

---

கணக்குப்பிள்ளை
ஞாயிறு, இரவு 7.40

குன்னூரில் சிறு நிறுவனங்களுக்குக் கணக்கு எழுதுகிறேன். யாரும் தொடாத ஒன்றைச் சேர்க்கிறேன்.

2025 செப்டம்பர் 22 முதல் ஜாம், சாஸ், சாக்லேட், பிஸ்கட், பாலாடைக்கட்டி எல்லாம் 5 சதவீத ஜிஎஸ்டிக்கு வந்துவிட்டன. வாங்குகிறவருக்கு நல்ல செய்தி. சாக்லேட்டுக்கு 18-இலிருந்து 5 என்பது பெரிய இறக்கம். செய்கிறவருக்கு ஒரு சிக்கல் இருக்கிறது. கண்ணாடிக் குப்பிக்கும் மூடிக்கும் இன்னும் 18 கட்டுகிறோம். விற்கும்போது வசூலாவது 5. கூடுதலாகக் கட்டிய வரியைத் திரும்பக் கேட்கலாம். ஆனால் பொருளுக்குக் கட்டியது மட்டுமே திரும்பும். வாடகை, ஆய்வகக் கட்டணம், விளம்பரம் போன்ற சேவைகளுக்குக் கட்டியது திரும்பாது. 2021-இல் உச்ச நீதிமன்றமும் அந்த விதி செல்லும் என்று தீர்ப்பளித்துவிட்டது. ஜிஎஸ்டி பதிவே இல்லாத மகளிர் குழுவுக்கோ அந்த 18 முழுவதும் கைச்செலவு.

பிளாஸ்டிக் இல்லாத மலை வேண்டும் என்று சொல்கிறோம், நானும் மனதார ஆதரிக்கிறேன். அப்படியானால் கண்ணாடிக்கு மாறியவருக்கு அந்தச் சுமையை அரசு பகிர்ந்துகொள்ள வேண்டும். குப்பியைத் திரும்ப வாங்கிக் கழுவித் தரும் ஒரே ஒரு நிலையம் மாவட்டத்தில் இருந்தால் வரிப் பிரச்சினையில் பாதி தானாகவே போய்விடும்.

ஆய்வகம் பற்றி: மாநில அரசின் உணவுப் பகுப்பாய்வுக் கூடங்கள் கிண்டி, கோவை, சேலம், தஞ்சாவூர், மதுரை, பாளையங்கோட்டையில் இருக்கின்றன. ஆறும் கீழேதான். உதகையிலிருந்து மைசூரு மத்திய உணவுத் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிலையம் அதிக தூரமில்லை. அவர்கள் மாதம் ஒரு நாள் இங்கே வந்து மாதிரிகளை வாங்கிப் போக மாவட்ட நிர்வாகம் ஏற்பாடு செய்தாலே பெரிய மாற்றம்.

---

கேத்திப் பள்ளத்தாக்கு
ஞாயிறு, இரவு 8.30

சோலை நிழல் கேட்ட கேள்விக்கு ஒரு பதில் தோன்றுகிறது. கூட்டுறவுத் தேயிலைத் தொழிற்சாலைகளில் கூரை இருக்கிறது, மும்முனை மின்சாரம் இருக்கிறது, வெப்பக் காற்று உலர்த்தி இருக்கிறது. இலை குறையும் பனிக்காலத்தில் பல கூடங்கள் பாதித் திறனில்தான் ஓடுகின்றன. அதன் ஒரு பகுதியைப் பழத்துக்கும் கிழங்குக்கும் ஒதுக்கினால் புதிதாக ஒரு செங்கல்கூட வைக்க வேண்டாம். பொது வசதிக்கென்று மத்தியத் திட்டத்தில் தனி மானியமே இருக்கிறது. நம் பக்கம் அதைக் கேட்டுப் போனவர்கள் குறைவு.

---

குந்தா இலை
ஞாயிறு, இரவு 9.45

நல்ல யோசனைதான், ஆனால் தொழிற்சாலைக்குள் நின்றவன் என்ற முறையில் இரண்டு விஷயம் சொல்லியாக வேண்டும்.

தேயிலைத் தூள் அக்கம்பக்கத்து வாசனையை எல்லாம் இழுத்துக்கொள்ளும். பக்கத்து அறையில் பூண்டு உரித்தால் போதும், அந்த வாரத் தூள் ஏலத்தில் விலைபோகாது. ஊறுகாய், மசாலா, பூண்டு எதுவும் அந்த வளாகத்துக்குள்ளேயே வரக் கூடாது.

அடுத்து, பிளம்ஸ் வரும் மே, ஜூன்தான் இலையும் கொட்டும் காலம். அப்போது எங்கள் உலர்த்திக்கு ஒரு மணி நேரமும் ஓய்விருக்காது. நீங்கள் சொல்லும் பனிக்காலத்தில் இலை குறைவுதான். உங்கள் பழமும் அப்போது இல்லையே.

ஆனால் தொழிற்சாலை வளாகங்களில் பழைய குடியிருப்புகளும் கிடங்குகளும் பூட்டிக் கிடக்கின்றன. பிரதானக் கூடத்திலிருந்து தள்ளி இருக்கும் அந்தக் கட்டடங்களைக் கொடுக்கலாம். மின்கம்பி அங்கேயே இருக்கிறது, லாரி வரும் பாதையும் இருக்கிறது. கூட்டுறவு உறுப்பினர்களின் வீட்டுப் பெண்களுக்கே முதலில் கொடுங்கள். பச்சை இலை விலை விழும் மாதத்தில் அந்தக் குடும்பத்துக்கு இன்னொரு வருமானம் இருக்கும். இதற்கு நான் கையெழுத்துப் போடுவேன்.

இலைக்கு அடிப்படை விலை என்ற கோரிக்கையை மட்டும் விட மாட்டேன்.

---

பூம்பாறை
திங்கள், காலை 7.15

கொடைக்கானல் மலைப்பூண்டுக்கு 2019-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. சந்தையில் எந்த ஊர்ப் பூண்டையும் மலைப்பூண்டு என்று விற்கிறார்கள். குறியீட்டைப் பயன்படுத்த விவசாயி ஒவ்வொருவரும் தனியாகப் பதிவு செய்ய வேண்டும் என்பது எங்கள் ஊரில் பாதிப்பேருக்குத் தெரியாது. தோட்டக்கலைத் துறை ஊருக்கு வந்து ஒரே நாளில் எல்லோருக்கும் படிவம் நிரப்பிக் கொடுத்தால் செலவு ஏறக்குறைய ஒன்றுமில்லை. இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். குந்தா ஐயா, பூண்டை உங்கள் தேயிலைப் பக்கம் கொண்டுவர மாட்டோம், எங்கள் ஊரிலேயே உரித்துக்கொள்கிறோம்.

---

மேட்டுப்பாளையம் மண்டி
திங்கள், காலை 8.20

நான் அடிவாரம் என்று சொன்னதை மாற்றிக்கொள்ளவில்லை, ஆனால் கேத்தி அம்மா சொன்ன பிளம்ஸ் கணக்கு எனக்குப் புரிகிறது. மேலே கூழாக்கிப் பீப்பாயில் அனுப்புங்கள். வாங்குவதற்குக் கீழே ஆள் இருக்கிறது. ஐஸ்கிரீம்காரர்களும் பேக்கரிகளும் ஆண்டு முழுக்கக் கேட்கிறார்கள். அவர்கள் முதலில் கேட்பது ஆய்வக அறிக்கையைத்தான். அது இல்லாத கூழை நானே தொட மாட்டேன்.

---

கேத்திப் பள்ளத்தாக்கு
திங்கள், காலை 10.05

மண்டி அண்ணா சொன்னது ஆய்வகத்தை முதலில் வைக்க இன்னொரு காரணம்.

இரண்டு மனுக்களாக எழுதலாம் என்று நினைக்கிறேன். நீலகிரிக்கும் திண்டுக்கல்லுக்கும் ஆட்சியர்கள் வேறு. நீலகிரி மனுவில் மாதாந்திர மாதிரிச் சேகரிப்பு, கூட்டுறவு வளாகங்களில் பூட்டிக் கிடக்கும் கட்டடங்கள், பட்டா இல்லாதவர்களுக்குக் குத்தகை, மலை உயரத்துக்கேற்ற பயிற்சிக் கையேடு. கழிவுநீர்த் தொட்டி கட்டாயம் என்பதை நாமே நிபந்தனையாக எழுதிக் கொடுப்போம், சோலை நிழல் சொன்ன சொற்களிலேயே. இலை விலை மாநில அரசும் தேயிலை வாரியமும் முடிவெடுக்க வேண்டியது. அதைத் தனிக் கடிதமாகக் குந்தா ஐயா எழுதினால் நாங்கள் எல்லோரும் கையெழுத்திடுகிறோம்.

பழனி மலை மனுவைத் தாண்டிக்குடித் தம்பியும் பூம்பாறைக்காரரும் எழுதுங்கள்: தேவஸ்தானத்தின் வாழைக் கொள்முதல் ஒப்பந்தம், வத்தலக்குண்டு குளிர்பதனக் கிடங்கு, பூண்டுப் பதிவு முகாம்.

பந்தலூர்த் தம்பி, உங்கள் விண்ணப்ப எண்ணையும் தேதியையும் மறைத்துவிட்டுக் கோப்பின் நகலை எனக்குத் தனிச்செய்தியில் அனுப்புங்கள். அடுத்த திங்கள் குறைதீர்க்கும் நாளில் அதை இணைப்பாகவே கொடுக்கிறேன்.

---

பந்தலூர்வாசி
திங்கள், காலை 10.40

அனுப்பிவிட்டேன் அக்கா. என் பக்கத்து ஊர்களில் இதே காரணத்தால் கடன் நின்றுபோன இன்னும் சிலரிடமும் கேட்டிருக்கிறேன். கூடலூரிலிருந்து முதல் பஸ்ஸைப் பிடித்து நானும் உதகைக்கு வந்துவிடுகிறேன். மனு கொடுக்கும்போது நிலம் பற்றிய பகுதியை நானே சொல்கிறேன்.